காப்பாற்றுகிறோம் என்று பறித்த செடிகள்

அரிய தரை ஆர்க்கிட் ஒன்று மலையில் அருகிவருகிறது என்ற பேச்சு வந்தால் போதும், செடி வளர்ப்பவர்கள் கூடிய இடத்தில் யாராவது ஒருவர் இதைச் சொல்லாமல் இருக்கமாட்டார்: “காட்டில் கிடந்தால் மாடு மேயும், தீப்பிடிக்கும், நாளைக்கு ரோடு போடுவார்கள். நாலு பேர் வீட்டில் கொண்டுவந்து வைத்துக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டால் இனமாவது மிஞ்சும்.” மலர்க் கண்காட்சிகளில் இதைக் கேட்டிருக்கிறேன், நர்சரி வாசலில் கேட்டிருக்கிறேன், தாவரவியல் படித்தவர்கள் வாயாலும் கேட்டிருக்கிறேன். சொல்பவர்கள் செடிமேல் உயிரையே வைத்திருப்பவர்கள்; ஊருக்குப் போவதென்றால் தண்ணீர் ஊற்ற ஆள் ஏற்பாடு செய்துவிட்டுத்தான் பெட்டியைக் கட்டுவார்கள். அவர்களுடைய அன்பில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. ஆனால் அவர்கள் சொல்வது தவறு, அதுவும் ஆபத்தான தவறு. தரை ஆர்க்கிட்டுகளை மலையிலிருந்து வாரிக்கொண்டு போனவர்கள் எல்லாருக்கும் இந்த வாதம்தான் மனசாட்சிக்கு மருந்தாக இருந்திருக்கிறது.

நமக்குப் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் எல்லையாக நிற்கும் அகத்தியமலைத் தொடரில், சுமார் 1,400 மீட்டருக்கு மேல், புல்லும் பாறையும் கலந்த சரிவுகளில் வளர்வது பாஃபியோபெடிலம் ட்ரூரியை. லேடீஸ் ஸ்லிப்பர் என்று அழைக்கப்படும் ஆர்க்கிட்டுகளில் தென்னிந்தியாவுக்கென்று இருப்பது இது ஒன்றுதான். மஞ்சள் பூ. மேலிதழிலும் இரு பக்க இதழ்களிலும் நடுவில் கரும்பழுப்புக் கோடு ஓடும். முன்னால் பை மாதிரிக் குழிந்த உதடு. 1865-ல் கர்னல் ஹீபர் ட்ரூரி திருவிதாங்கூர் மலையில் இதைக் கண்டார். சென்னை மாகாண வனத்துறையில் இருந்த பெடோம், 1874-ல் ட்ரூரியின் பெயரையே இட்டு இதை நூலில் ஏற்றினார். பிறகு வெகுகாலம் யார் கண்ணிலும் படவில்லை. அழிந்தே போயிற்று என்று நினைத்திருந்த நிலையில் 1970-களில் மறுபடி கண்டுபிடித்தார்கள். அதோடு அதற்குக் கேடும் வந்தது. இடம் தெரிந்ததும் சேகரிப்பவர்கள் மலையேறினார்கள்; செடிகள் வேரோடு கீழே இறங்கின. காட்டுத்தீயும் தன் பங்குக்குச் சேர்ந்துகொண்டது. இன்று உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் அது அழிவின் விளிம்பில் நிற்கும் இனம்.

இறங்கிப்போன செடிகள் எங்கே போயின? ஆர்வலர்களின் வீடுகளுக்கும் கண்ணாடிக் கூடங்களுக்கும்தான். வெளிநாட்டு நர்சரிகளில் விதையிலிருந்து வளர்த்த ட்ரூரியை விலைக்குக் கிடைக்கிறதே என்று கேட்பீர்கள். கிடைக்கிறது. அதனால் அகத்தியமலைச் சரிவில் ஒரு செடி கூடியதா? அந்த மலைக்குத் திருப்பி நடும் வேலையைச் செய்தது திருவனந்தபுரத்துக்கு அருகே பாலோட்டில் இருக்கும் வெப்பமண்டலத் தாவரவியல் தோட்ட ஆராய்ச்சி நிறுவனம். விதையை ஆய்வுக்கூடத்தில் முளைக்கவைத்து, நாற்றாக்கி, பழக்கி, மலையேற்றினார்கள். அந்த வேலையில் எந்த வீட்டு மொட்டைமாடிக்கும் பங்கில்லை.

இதைவிடத் தெளிவான கதை இமயமலையில் இருக்கிறது. ஃபேரியானம் என்ற இன்னொரு லேடீஸ் ஸ்லிப்பர் 1857-ல் இங்கிலாந்தில் பூத்துப் பெயர் பெற்றது. அன்றைக்கு உலகத்திலேயே கைதேர்ந்த ஆர்க்கிட் தோட்டக்காரர்கள் அங்கேதான் இருந்தார்கள். கொதிகலன் சூட்டில் இயங்கிய கண்ணாடி வீடு, மழைத்தண்ணீர்த் தொட்டி, இரவும் பகலும் பார்த்துக்கொள்ளக் கூலிக்கு ஆள் என்று இன்று நம்மில் யாருக்கும் வாய்க்காத வசதிகள் அவர்களுக்கு இருந்தன. அப்படியும் செடிகள் ஒவ்வொன்றாகப் போயின. நூற்றாண்டு முடியும் தறுவாயில் ஐரோப்பா முழுக்க விரல்விட்டு எண்ணும் அளவே மிஞ்சின. எங்கிருந்து வந்தது என்பதும் ஒழுங்காகத் தெரியாது. ஆர்க்கிட் வியாபாரி சாண்டர், கண்டுபிடித்துத் தருபவருக்கு 1,000 பவுண்டு பரிசு என்று அறிவித்தார். 1905-ஐ ஒட்டி பூடான் பக்கத்து மலைகளில் அது மறுபடி கிடைத்தது. வளர்ப்பவர்கள் கையில் தேய்ந்துகொண்டே வந்த செடியை, யாருடைய பராமரிப்பும் இல்லாமல் மலை வைத்திருந்தது. கிடைத்ததும் என்ன செய்தார்கள் தெரியுமா? மறுபடி பிடுங்கிக் கப்பலேற்றினார்கள்.

வீடுதான் காப்பு என்று வாதிடுபவர்கள் ஃபேரியானத்துக்குப் பதில் சொல்லட்டும்.

இதற்கான காரணம் அந்தத் தோட்டக்காரர்களின் திறமைக் குறைவில் இல்லை, ஆர்க்கிட்டின் பிறப்பிலேயே இருக்கிறது. நெல்லும் அவரையும் கட்டுச்சோற்றோடு பயணம் புறப்படுகின்றன. ஆர்க்கிட் விதை வெறுங்கையோடு வருகிறது. ஊதினால் பறக்கும் தூசுதான் அதன் விதை. ஒரு காயில் ஆயிரக்கணக்கில், சில இனங்களில் லட்சக்கணக்கில் இருக்கும். உள்ளே சேமித்த உணவு என்று சொல்லும்படி ஒன்றுமில்லை. மண்ணில் தனக்குரிய பூஞ்சை வந்து உள்ளே நுழைந்தால்தான் அது முளைக்கும். இலை விட்டுத் தானாகச் சமைத்துக்கொள்ளும் வரை பூஞ்சை ஊட்டுவதைத் தின்றே வளர வேண்டும். இதை 1899-ல் பிரான்சில் நோயல் பெர்னார் கண்டறிந்தார். அதற்கு முன்னால் தோட்டக்காரர்கள் காரணம் தெரியாமலேயே தாய்ச்செடியின் தொட்டி மண்ணில் விதையைத் தூவிப் பார்த்தார்கள். அந்த மண்ணில் பூஞ்சை இருந்ததால் எப்போதாவது ஒன்றிரண்டு முளைத்தன. 1922-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் லூயிஸ் நட்சன், சர்க்கரையும் உப்புகளும் கலந்த அகார் கூழ் நிரப்பிய குடுவையில் பூஞ்சை இல்லாமலே விதையை முளைக்கவைக்கலாம் என்று காட்டினார். இன்றைய ஆர்க்கிட் நர்சரித் தொழில் முழுவதும் அந்தக் குடுவையிலிருந்து வந்ததுதான்.

இப்போது நம் வீட்டுத் தொட்டியைப் பார்ப்போம். மரப்பட்டைத் துண்டு, கரி, கொஞ்சம் பெர்லைட், அடியில் ஓட்டாஞ்சல்லி. செடி அதில் இலை விடும், நல்ல கையாக இருந்தால் பூவும் பூக்கும். பூத்த பிறகு? அந்தப் பூவைத் தேடி வரவேண்டிய பூச்சி மாடிக்கு வராது. லேடீஸ் ஸ்லிப்பர் பூக்களில் தேன் இல்லை. பாஃபியோபெடிலம் இனங்கள் சில, அசுவினி மொய்த்தது போன்ற புள்ளிகளையும் மருக்களையும் காட்டி, மிதவை ஈக்களை முட்டையிட வரவழைத்து ஏமாற்றுகின்றன. ஏமாறிய ஈ பைக்குள் விழுந்து, பின்பக்க இடுக்கு வழியாக நெளிந்து வெளியேறும்போது முதுகில் மகரந்தத்தை ஒட்டிக்கொண்டு போகிறது. அது இன்னொரு செடியின் பூவிலும் அதேபோல் ஏமாந்தால்தான் காய் பிடிக்கும். காய் வெடித்தாலும் விதை விழுகிற இடத்தில் சரியான பூஞ்சை இருக்க வேண்டும். ஈ, பக்கத்தில் இன்னொரு செடி, மண்ணுக்குள் பூஞ்சை, அந்தப் பூஞ்சை வாழத் தேவையான மட்கு, மலைக்காற்றின் ஈரம் ஆகிய எல்லாம் சேர்ந்துதான் அந்த இனம். நாம் வீட்டுக்குக் கொண்டுவருவது அதிலிருந்து அறுத்தெடுத்த ஒரு துண்டு. அந்தத் துண்டு நம்மிடம் பத்து வருஷம் இருக்கலாம், இருபது வருஷமும் இருக்கலாம். அதற்குப் பிள்ளை பிறக்காது.

“பிரித்து நடலாமே, பத்துப் பேருக்குக் கொடுக்கலாமே” என்பார்கள். பாஃபியோபெடிலத்தில் ஒரு குருத்து ஒருமுறைதான் பூக்கும். பூத்தபின் பக்கத்தில் புதுக்குருத்து விட்டுவிட்டுத் தான் மெல்ல ஒடுங்கும். அந்தக் குருத்துகளைப் பிரித்துக் கொடுப்பதால் செடிகளின் எண்ணிக்கை கூடுவதுபோல் தோன்றும். மரபணுவைப் பார்த்தால் அத்தனையும் ஒரே செடி. நூறு வீட்டில் இருந்தாலும் ஒன்றுதான். ஒரு நோய் வந்தால் நூறும் ஒரே மாதிரி படுக்கும். நோய் என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சிம்பிடியம் மொசைக் வைரஸ் உலகமெங்கும் வளர்ப்பு ஆர்க்கிட்டுகளில் பரவிக் கிடக்கிறது. ஒரு செடியை வெட்டிய கத்தியைச் சுடாமல் அடுத்த செடியில் வைத்தால் ஏறிவிடும். பார்வைக்கு ஒன்றும் தெரியாமலே பல வருஷம் இருக்கும். கடையில் வாங்கிய பத்துவகைக் கலப்பின ஆர்க்கிட்டுகளோடு ஒட்டி உரசி வளர்ந்த செடியை எந்தப் பொறுப்புள்ள வனத்துறையும் மலையில் திரும்ப நட அனுமதிக்கக் கூடாது. காப்பாற்றினோம் என்று சொல்லும் செடிக்குத் திரும்பிப் போகிற வழியே இல்லை.

கிழங்கு வகைத் தரை ஆர்க்கிட்டுகளின் கதை இன்னும் மோசம். நீலகிரி, பழனி மலைப் புல்வெளிகளில் மழைக்காலத்தில் இளஞ்சிவப்புக் கதிராக எழுந்து நிற்கும் சத்தீரியமும், வெள்ளைப் பூ ஹாபெனேரியாக்களும் இந்த வகை. மண்ணுக்கடியில் இவற்றுக்கு இரண்டு கிழங்குகள் இருக்கும். ஒன்று இந்த ஆண்டுச் செடிக்கு உணவைக் கொடுத்துச் சுருங்கிக்கொண்டிருக்கும்; பக்கத்தில் இன்னொன்று அடுத்த ஆண்டுக்காக ஊறிக்கொண்டிருக்கும். மழை ஓய்ந்ததும் இலை பட்டுப்போய், புதுக்கிழங்கு மட்டும் மண்ணுக்குள் உறங்கும். இதைப் பிடுங்குபவர் எப்போது பிடுங்குகிறார்? பூத்திருக்கும்போதுதான், அப்போதுதானே கண்ணில் படுகிறது. அந்த நேரம் பழைய கிழங்கு காலியாகிவிட்டது, புதியது இன்னும் முற்றவில்லை. மலைவாசஸ்தலச் சாலையோரத்தில் பிளாஸ்டிக் பையில் தலைகீழாகக் கிடக்கும் அந்தச் செடியைக் கையில் எடுத்துப் பார்த்தால் தெரியும்: ஒரு கிழங்கு தோல் சுருங்கி மெத்தென்று அமுங்கும், இன்னொன்று சுண்டைக்காய் அளவில், வெள்ளையாக, முனையில் கீறலோடு இருக்கும். “வீட்ல வச்சா நல்லா தழையும் சார்” என்று விற்பவர் சொல்வார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அவர் வயிற்றுப்பாட்டுக்கு நிற்கிறார். பணத்தை நீட்டுகிற கைதான் அந்தக் கிழங்கைத் தோண்டியது. வாங்கியவர் அதைச் செம்மண் தொட்டியில் வைத்து, இலை பழுக்கும்போது வாடுகிறது என்று பதறி இன்னும் தண்ணீர் ஊற்றுவார். உறங்கப்போன கிழங்கு அழுகும். அடுத்த மழைக்கு வெறும் மண் இருக்கும். செடி தன் போக்கில் செத்துவிட்டது என்று அவர் நினைப்பார்.

பாஃபியோபெடிலம் வளர்ப்பும் சமவெளியில் லேசான காரியமில்லை. தண்ணீரைச் சேமித்துவைக்க அதற்குத் தண்டுக்குமிழ் கிடையாது. வேரும் நாலைந்துதான், பழுப்பு மயிரோடு தடித்திருக்கும். காயவிட்டால் சுருங்கும், ஊறவிட்டால் அழுகும். இலைக்கக்கத்தில் ராத்தங்கிய தண்ணீர் குருத்தை நாறடிக்கும். போர்த்தண்ணீரின் உப்பு இலைமுனையைக் கருக்கும். எல்லாவற்றையும் மீறிக் கையாண்டாலும், சென்னையில் மே மாத இரவு 27, 28 டிகிரிக்குக் கீழே இறங்காது. 1,400 மீட்டர் உயரத்துச் செடிக்கு இரவின் குளிர்ச்சி வேண்டும். அது கிடைக்காவிட்டால் பகலில் சேர்த்ததை இரவில் மூச்சுவிட்டே தீர்த்துவிடும். ஆண்டுக்கு ஆண்டு இலை சிறுத்து, ஒருநாள் போய்ச்சேரும். தொட்டியில் இறந்த செடிகளுக்கு யாரும் கணக்கு வைப்பதில்லை. பிழைத்த ஒன்றின் படத்தைத்தான் எல்லாரும் பார்க்கிறோம். “வீட்டில் நன்றாகத்தான் வருகிறது” என்ற நம்பிக்கை அந்த ஒரு படத்திலிருந்து பிறக்கிறது.

எதிர்த்தரப்பின் மிக வலுவான சான்றுகளை விட்டுவிட்டுப் பேசுவது நியாயமாகாது. இரண்டு இருக்கின்றன.

ஒன்று வியட்நாம். பாஃபியோபெடிலம் வியட்னமென்ஸ் 1999-ல்தான் அறிவியலுக்கு அறிமுகமானது. சில ஆண்டுகளிலேயே வடக்கு வியட்நாமின் சுண்ணாம்புப் பாறைகளில் அதைத் தேடிப் போனவர்கள் சுரண்டிய பாறையைத்தான் பார்த்தார்கள். வளர்ப்பவர்களிடம் அது இன்று நிறைய இருக்கிறது. “பார்த்தீர்களா, நாங்கள் இல்லையென்றால் அது பூமியிலேயே இருந்திருக்காது” என்கிறார்கள். அந்தப் பாறையில் தீ எரியவில்லை, அணை வரவில்லை, மாடு மேயவில்லை. புது ஆர்க்கிட் ஒன்று தங்களிடம் முதலில் இருக்க வேண்டும் என்று பணம் கட்டியவர்களுக்காகத்தான் அது மலையிலிருந்து போனது. தாமே காலிசெய்த வீட்டின் சாவியைப் பத்திரமாக வைத்திருப்பதாகச் சொல்வதை என்னால் காப்பு என்று ஏற்க முடியாது.

இரண்டாவது இங்கிலாந்து. சிப்ரிபீடியம் கால்சியோலஸ் என்ற லேடீஸ் ஸ்லிப்பர், வடக்கு இங்கிலாந்தின் சுண்ணாம்பு நிலக் காடுகளில் ஒருகாலத்தில் சந்தைக்குக் கட்டிக்கொண்டு போகும் அளவுக்கு இருந்தது. பூவுக்காகப் பறித்தார்கள், தோட்டத்துக்காகத் தோண்டினார்கள். 1917-ல் அழிந்துவிட்டது என்றே முடிவுகட்டினார்கள். 1930-ல் யார்க்ஷயரில் ஒரே ஒரு செடி அகப்பட்டது. அதன் இடத்தை ரகசியமாக வைத்து, பூக்கும் காலத்தில் காவலும் போட்டு, பல பத்தாண்டுகள் காத்தார்கள். 1983-ல் லண்டனின் கியூ தாவரவியல் தோட்டத்தில் சிறப்புத் திட்டம் ஒன்று தொடங்கி விதையைக் குடுவையில் முளைக்கவைத்தார்கள். 1989 முதல் நாற்றுகளைக் காட்டில் நட்டார்கள். நட்டதில் முதல் பூ 2000-ல்தான் வந்தது. இந்த வேலையில் தோட்டங்களில் இருந்த இங்கிலாந்து மரபுச் செடிகள் சிலவும் மகரந்தச் சேர்க்கைக்கு உதவின. இதை நான் மறைக்கவில்லை. எங்கிருந்து வந்தன என்பது தெரிந்து, காட்டுச் செடியின் சொந்தமென்று உறுதிப்பட்டதால்தான் அவை உதவின. நம்மூர் மாடித் தொட்டிகளில் எதற்கு அப்படி ஒரு சீட்டு இருக்கிறது? “மலையிலிருந்து ஒருத்தர் கொண்டுவந்து கொடுத்தார்” என்பதற்கு மேல் யாரால் சொல்ல முடியும்? அங்கே இனத்தைக் காத்தது மலையில் நின்ற அந்த ஒற்றைச் செடி. அதற்குக் கிடைத்த முதல் உதவி, யாரும் அதை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் தடுத்ததுதான். அன்றைக்கு ஒரு நல்ல மனிதர் அதைப் பார்த்து, “தனியாகக் கிடக்கிறதே, பாவம்” என்று தோண்டிக்கொண்டு போயிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் “ஒரு செடிதானே” என்பவர்களுக்கு இது பெரும்பாலும் தெரியாது. 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 1991-ல் தாவரங்களுக்கென்று தனி அத்தியாயம் சேர்த்தார்கள். அதன் முதல் பட்டியலில் இருந்தவை ஆறே ஆறு. பாஃபியோபெடிலம் முழுவதும் அதில் ஒன்று. காட்டிலிருந்து பிடுங்குவதைப் பிரிவு 17ஏ தடை செய்கிறது. பிரிவு 17சி-யின்படி, உரிமம் இல்லாமல் வளர்ப்பதே குற்றம். அட்டவணைகளை 2022 திருத்தம் மாற்றி அடுக்கியிருக்கிறது, பாதுகாப்பு நீங்கவில்லை. சர்வதேச வணிகத்திலும் 1990 முதல் பாஃபியோபெடிலம் முழுவதும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் முதல் இணைப்பில், புலியோடு ஒரே வரிசையில் இருக்கிறது.

“அப்படியானால் நாங்கள் ஆர்க்கிட்டே வளர்க்கக் கூடாதா?” என்று கோபமாகக் கேட்பார்கள். தாராளமாக வளர்க்கலாம். நானும் வளர்க்கிறேன். ஸ்பாத்தோகுளோட்டிஸ் தரை ஆர்க்கிட் எங்கள் ஊர் வெயிலிலும் சளைக்காமல் வருஷம் முழுக்கப் பூக்கிறது. நர்சரிகளில் மலிவாகவே கிடைக்கிறது. ஆய்வுக்கூடக் குடுவையில் பிறந்த எத்தனையோ தரை ஆர்க்கிட்டுகள் சட்டப்படி விற்பனைக்கு உண்டு. அவற்றில் கையைப் பழக்கலாம், காதலிக்கலாம், தோற்கலாம். ஒன்று செத்தால் மலையில் எதுவும் குறைவதில்லை. வளர்ப்பதில் இருக்கும் சந்தோஷத்துக்கு ‘காப்பாற்றுகிறேன்’ என்ற சாக்கு தேவையே இல்லை. காட்டுச் செடிக்கும் குடுவைச் செடிக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பதும் சிரமமில்லை. காட்டிலிருந்து வந்ததென்றால் இலைகள் ஒரே அளவில் இருக்காது. பழைய இலையில் பூச்சி கடித்த ஓட்டையும் பாசிப் பொட்டும் இருக்கும். வேர்முனைகள் அறுந்து கருத்திருக்கும். அடித்தண்டில் பல வருஷத்துக் கணுக்கள் தெரியும். வேரிடுக்கில் நர்சரிக் கலவைக்குப் பதில் மலைமண் ஒட்டியிருக்கும். குடுவையில் பிறந்தது வரிசைக்கு வரிசை ஒரே உயரத்தில், கீறலில்லாத இலையோடு, வேர் தொட்டியின் வட்டத்துக்கே வளைந்து நிற்கும்.

கடைசியாக ஒரு கேள்வி எப்போதும் வரும்: ஆய்வுக்கூடங்களும் அரசும் மெத்தனமாக இருந்தால் ஆர்வலர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டுமா? நிற்க வேண்டாம். ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தேசிய ஆர்க்கிட் காப்பகம் இருக்கிறது, பாலோடு ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, சிக்கிமின் பாக்யோங்கில் ஆர்க்கிட்டுக்கென்றே தேசிய ஆராய்ச்சி மையம் இருக்கிறது. மலையில் ஒரு தரை ஆர்க்கிட் பூத்திருப்பதைப் பார்த்தால் தேதியும் உயரமும் பக்கத்தில் வளரும் செடிகளும் குறித்து, படமெடுத்து, இடத்தைப் பொதுவில் போடாமல் இவர்களிடமோ வனத்துறையிடமோ கொடுங்கள். அடுத்த மழைக்கும் அதே சரிவுக்குப் போய் எத்தனை பூத்தன, எத்தனை காய் பிடித்தன என்று எண்ணுங்கள். தீ எரிந்ததா, யாராவது தோண்டிய குழி இருக்கிறதா என்று பாருங்கள்; இருந்தால் அன்றைக்கே வனச்சரக அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். விதையைக் குடுவையில் முளைக்கவைக்கிற ஆய்வுக்கூடத்துக்கு எந்தச் சரிவில் காய் எந்த வாரம் முற்றுகிறது என்ற தகவல் வேண்டும். அதைக் கொடுக்க ஒவ்வொரு மழைக்கும் மலையேறும் ஆள் வேண்டும். தொட்டிக்குச் செடி தேடி அலையும் கால்களுக்கு அந்த மலைப்பாதை ஏற்கெனவே பழக்கம்தான்.